இடது பக்கத்து எண்ணெய்

"வாங்கி ஒரு வருஷம்கூட ஆகல. அதுக்குள்ள எப்படிம்மா தேஞ்சு போச்சு?"

இந்தக் கேள்வியைக் கேட்காமல் அந்தப் பட்டறை வாசலை மிதித்தவர் யாருமில்லை. வீட்டில் வைத்து உடற்பயிற்சி செய்கிற மெஷின்களைப் பழுது பார்க்கும் பட்டறை அது. நடைமெஷின், துடுப்பு வலிக்கிற மெஷின், நின்ற இடத்திலேயே படியேறுகிற ஸ்டெப்பர் என்று ஜனங்கள் ஆசை ஆசையாய் வாங்கி அலுத்துப்போன சாமான்கள் எல்லாம் அங்கே சுவரோரம் சாய்ந்து கிடக்கும். அவற்றில் ஷாக் அப்சார்பர் பார்க்கிற வேலை முழுக்க ஒருத்தியின் கையில் இருந்தது. ஐம்பதைத் தாண்டியவள். பட்டறையில் அவளுக்கு ஷாக்கக்கா என்று பெயர். பெற்றவர்கள் வைத்த பெயரைக் கூப்பிட அங்கே ஆள் இல்லை.

கேட்டவர்களுக்கு அவள் சலிக்காமல் பதில் சொல்வாள். ஷாக் என்றால் ஏதோ பெரிய வித்தை என்று நினைக்கவேண்டாம். ஓர் இரும்புக் குழாய், உள்ளே எண்ணெய். எண்ணெய்க்குள் ஓட்டை போட்ட ஒரு தட்டு, அதைத் தள்ளுவதற்கு ஒரு தண்டு. காலால் மிதித்தால் தட்டு இறங்கும். எண்ணெய் அந்தச் சின்ன ஓட்டை வழியாக முண்டியடித்துக்கொண்டு மறுபக்கம் போகவேண்டும். அந்த முண்டியடிப்புதான் காலுக்குக் கனமாகத் தெரிகிறது. எண்ணெய் வெளியே கசியாமல் தண்டைச் சுற்றி ஒரு ரப்பர் வளையம் இறுக்கிப் பிடித்திருக்கும். அதற்கு சீல் என்று பெயர். சீல் போனால் எண்ணெய் போகும், எண்ணெய் போனால் ஷாக் போகும். அவ்வளவுதான் சங்கதி.

சீல் ஏன் போகிறது என்று கேட்டுவிட்டால் தீர்ந்தது, அவளுக்கு வாய் நீண்டுவிடும். டிவியில் தொடர் முடிகிறவரை இறங்காமல் மிதித்தால் எண்ணெய் சூடேறி நீர்த்துப்போகும். கட்டிலுக்கு அடியில் தள்ளி வைத்தால் தூசியும் தலைமுடியும் தண்டில் ஒட்டிக்கொண்டு, மேலும் கீழும் போகும்போது ரப்பரை அறுக்கும். கிறீச்சென்று சத்தம் வருகிறதே என்று சமையல் எண்ணெயைத் தடவினால் ரப்பர் ஊதிப்போகும். ஒரு மனிதர் இரண்டு மிதிகளிலும் பூந்தொட்டி வைத்திருந்தார்; தண்ணீர் இறங்கித் தண்டெல்லாம் துரு. உள்ளே மண்புழு இல்லாததுதான் பாக்கி. "மிதிச்சுக் கெடுத்தவங்களைவிட மிதிக்காம கெடுத்தவங்கதான் ஜாஸ்தி" என்பாள்.

ஆனால் அவள் வாயைத் திறக்காத காரணம் ஒன்று உண்டு. அது அந்தப் பட்டறையின் பழக்கம். மிதி ரொம்பக் கனமாக இருக்கிறது, கால் வலிக்கிறது என்று சிலர் மெஷினைத் தூக்கிக்கொண்டு வருவார்கள். முதலாளி அவள் பக்கம் திரும்பி, "அக்கா, கொஞ்சம் இளக்கி விடுங்க" என்பான். இளக்குவது என்றால், குழாயில் இருக்கிற கெட்டி எண்ணெயை வடித்துவிட்டு மெல்லிசான எண்ணெயை ஊற்றி மூடுவது. மிதி வழுக்கிக்கொண்டு இறங்கும். மெஷின்காரரும் நாலு நாள் மிதித்துப் பார்த்து, பரவாயில்லையே, உடம்பு தேறிவிட்டதே என்று பூரித்துப்போவார். மெல்லிசான எண்ணெயில் இரும்பும் இரும்பும் உரசும், சீல் சீக்கிரம் தேயும் என்பது அவளுக்குத் தெரியும். தேய்ந்தால் மறுபடி இங்கேதான் வரவேண்டும் என்பது முதலாளிக்குத் தெரியும். யாருக்கும் பெரிய கேடில்லை என்றுதான் இருவரும் நினைத்துக்கொண்டிருந்தார்கள்.

அவள் வீட்டுக்காரர் பஸ் டிரைவர். டிப்போவில் அவரை மெத்தை என்பார்கள். உடம்பைப் பார்த்து வைத்த பெயரல்ல, ஆள் ஒல்லிதான். அவர் ஓட்டினால் கியர் மாறுவதே தெரியாது. நின்றுகொண்டு வருகிறவர்கள் கம்பியைப் பிடிக்காமல் பேசிக்கொண்டு வருவார்கள். மடியில் தூங்குகிற பிள்ளை இறங்குகிற இடம்வரை தூங்கும். எல்லாம் இடதுகால் செய்கிற வேலை. கிளட்சை அமுக்குவதற்கு எந்த மடையனும் போதும், விடுவதற்குத்தான் ஆள் வேண்டும் என்பார். பெண்டாட்டியைச் சீண்டவேண்டும் என்று தோன்றினால், "உன் ஷாக்கெல்லாம் குழாய்க்குள்ள இருக்கு, என் ஷாக் கணுக்காலுக்குள்ள இருக்கு" என்று காலை ஆட்டிக் காட்டுவார். அவளும் விடமாட்டாள். கணுக்காலுக்கு சீல் மாற்ற முடியாது, பார்த்துக்கொள்ளுங்கள் என்பாள். சும்மா வாய்க்கு வந்ததைச் சொன்னதுதான்.

அந்தக் காலைத்தான் இழுத்துக்கொண்டது. ஒரு காலையில் கண்ணாடி முன்னால் நின்று சவரம் செய்துகொண்டிருந்தவர், பாதிக் கன்னத்தில் சோப்பு நுரையோடு அப்படியே சரிந்தார். பக்கவாதம் என்றார்கள். ஆஸ்பத்திரியில் கிடந்து எழுந்தபோது பேச்சு திரும்பியிருந்தது. இடதுகை முக்கால்வாசி திரும்பியிருந்தது, சட்டைப் பொத்தானோடு மட்டும் கொஞ்சம் மல்லுக்கட்டும். இடதுகால் வரவில்லை. நடந்தால் பின்னாலேயே இழுபட்டுக்கொண்டு வந்தது.

பயிற்சி சொல்லிக்கொடுக்க ஆஸ்பத்திரியில் ஒரு பிசியோ பெண் இருந்தாள். சிரிக்காத பெண். புருஷன் பெண்டாட்டி இருவரையும் உட்காரவைத்து அவள் சொன்னாள்: "முதல் ஆறு மாசம்தான் கால் நம்ம பேச்சைக் கேக்கும். அதுக்கப்புறம் பிடிவாதம் பிடிக்கும். அதனால வலிக்கட்டும், திணறட்டும், விடாதீங்க. சுலபமா வந்துச்சுன்னா அது பயிற்சியே இல்ல."

அவருக்கு இருந்தது ஒரே ஆசை. மறுபடி பஸ்ஸில் ஏறி உட்காரவேண்டும். டிப்போவில் அவருக்கு வேண்டியவர்கள் இருந்தார்கள். பல வருஷம் அவரோடு ஒரே வண்டியில் போன கண்டக்டர், அண்ணே அண்ணே என்று உயிரை விடுகிறவன், மேனேஜரிடம் மன்றாடி இடத்தைப் பிடித்து வைத்திருந்தான். கால் தேறினால் டிப்போ மைதானத்தில் ஒரு சுற்று ஓட்டிக் காட்டட்டும், அப்புறம் டாக்டரிடம் அனுப்பலாம் என்று மேனேஜரும் சொல்லியிருந்தார். தேறாவிட்டால் வீடுதான்.

பட்டறையில் யாரோ விட்டுவிட்டுப் போய்த் திரும்பி வராத ஸ்டெப்பர் ஒன்று கிடந்தது. முதலாளியிடம் கேட்டு அதை வீட்டுக்குக் கொண்டுவந்தாள். நின்று மிதிக்க அவரால் ஆகாது. அதனால் பலகை வெட்டிச் சாய்வாக முட்டுக்கொடுத்து மெஷினைச் சுவரோடு பொருத்தினாள். எதிரே நாற்காலி போட்டாள். ஒரு மிதியை அமுக்கினால் மற்றது மேலே வரும். அவர் உட்கார்ந்து பார்த்தார். நாற்காலியைக் கொஞ்சம் முன்னே இழுத்தார், அடியில் ஒரு தலையணை போட்டுக்கொண்டார். கை இரண்டும் தானாக எழுந்து இல்லாத ஸ்டியரிங்கைப் பிடித்தன. "அப்படியே என் சீட்டு" என்றார். ஆஸ்பத்திரியிலிருந்து வந்த பிறகு அன்றைக்குத்தான் அவர் சிரித்தார்.

வலதுகாலால் மிதித்தார், இறங்கியது. இடதுகாலால் மிதித்தார். மிதி அசையவில்லை. பல்லைக் கடித்தார், நாற்காலிக் கையைப் பிடித்துக்கொண்டு முழு உடம்பையும் கொடுத்துப் பார்த்தார். கழுத்து நரம்புதான் புடைத்ததே தவிர மிதி நகரவில்லை. ஒரு வாரம் அப்படியே போயிற்று. ஒருநாள் அவள் வேலையிலிருந்து வந்தபோது அவர் நாற்காலியில் உட்கார்ந்து, மிதிமேல் கிடந்த காலைப் பார்த்து அழுதுகொண்டிருந்தார். "பொணத்தைக் கட்டி இழுக்கிற மாதிரி இருக்குடி" என்றார். அன்று சாப்பாட்டுத் தட்டைத் தொடவில்லை.

இத்தனை வருஷத்தில் அவர் அழுது அவள் பார்த்ததில்லை. கண்டவர்களுக்கெல்லாம் இளக்கிக் கொடுக்கிற கை, கட்டினவருக்குச் செய்யாதா? மறுநாள் காலை அவர் குளிக்கப் போன நேரத்தில் இடது பக்கத்து ஷாக்கைக் கழற்றி எண்ணெயை மாற்றினாள். ஏமாற்றவேண்டும் என்று அவள் நினைக்கவே இல்லை. முதலில் இளக்கிக் கொடுப்பது, கால் பழகப் பழக எண்ணெயைக் கொஞ்சம் கொஞ்சமாகக் கெட்டியாக்குவது, படிப்படியாக ஏற்றிவிடுவது. கணக்கு சரியாகத்தான் இருந்தது. நம்பிக்கை இல்லாதவன் காலை எதைக் கொண்டு தூக்குவது என்று தனக்குத்தானே நியாயமும் சொல்லிக்கொண்டாள்.

குளித்துவிட்டு வந்து உட்கார்ந்தவர் காலை வைத்தார். மிதி இறங்கியது. அவர் கீழே குனிந்து பார்த்தார், மறுபடி மிதித்தார். மறுபடி இறங்கியது. கையைக் காட்டி அவளை அழைத்து, தன் காலைக் காட்டினார். அவள் ஆச்சரியப்படுகிற மாதிரி முகத்தை வைத்துக்கொண்டாள். அன்று சாயங்காலமே கண்டக்டரைக் கூப்பிட்டு உட்காரவைத்து மிதித்துக் காட்டினார். அவன் கண்ணைத் துடைத்துக்கொண்டு, "அண்ணி, நீங்க தெய்வம் அண்ணி" என்றான். அந்த வார்த்தை அவளைக் குத்தத்தான் செய்தது. ஆனால் சந்தோஷம் அதைவிடப் பெரிதாக இருந்தது.

பத்துப் பதினைந்து நாள் விட்டுக் கணக்குப்படி எண்ணெயைக் கொஞ்சம் கெட்டியாக்கினாள். மிதி பாதியில் நின்றது. அவர் முகம் செத்துப்போயிற்று. "மறுபடியும் இழுத்துக்கிச்சா?" என்று காலைக் கிள்ளிக் கிள்ளிப் பார்த்தார். இரண்டாவது தடவை வாதம் வந்துவிட்டது என்றே முடிவு கட்டி, கட்டிலில் போய்ச் சுவரைப் பார்த்துப் படுத்தவர் எழுந்திருக்கவில்லை. அவளுக்கு உயிரே போய்விட்டது. மறுநாள் பழையபடி மெல்லிசாக ஊற்றிவிட்டாள். அவர் எழுந்தார், மிதித்தார், சாப்பிட்டார். அதற்கப்புறம் கெட்டி எண்ணெய் டப்பாவை அவள் தொடவில்லை. சொல்லப்போனால் போகப்போக இன்னும் இளக்கத்தான் செய்தாள். கடைசியில் காலின் பாரத்துக்கே மிதி இறங்கியது. அந்த இடத்தில் ஒரு செங்கல்லை வைத்திருந்தாலும் இறங்கியிருக்கும்.

தேறிவிட்டதென்று நம்பினவர் ஆஸ்பத்திரிக்குப் போவதை நிறுத்திக்கொண்டார். "அந்தப் பொண்ணு பந்தை உருட்டச் சொல்லுது. நான் இங்க கிளட்சு அமுக்கிட்டு இருக்கேன்" என்றார். நியாயமான பேச்சுதானே, அவர் பக்கம் நின்று பார்த்தால்? பிசியோ பெண் இரண்டு தடவை போன் செய்தாள். இவள்தான் எடுத்தாள். வீட்டிலேயே செய்கிறார் என்றாள். பாலுக்கும் காவல், பூனைக்கும் தோழன் என்பார்களே, அந்த நிலைமைதான் அவளுக்கு. வெந்நீர் ஒற்றடம் கொடுக்கும்போது பார்ப்பாள்: இடது கெண்டைக்கால் நாளுக்கு நாள் சூம்பிக்கொண்டு வந்தது. வேலை இல்லாத கால் அப்படித்தான் போகும். பார்ப்பாள், துணியால் மூடிவிடுவாள்.

அப்படியே நாள் ஓடிற்று. ஒருநாள் இடது மிதிக்கு அடியில் தரையில் எண்ணெய் சொட்டியிருந்தது. சீல் தேய்ந்து ஷாக் கசிந்துவிட்டது. அத்தனை மெல்லிசாக ஊற்றினால் தேயாமல் என்ன செய்யும்? தண்டில் கோடு கோடாகக் கீறல் விழுந்திருந்தது. வலது பக்கத்து ஷாக் புதுசு போல இருந்தது.

அவள் அதைக் கழற்றிக் கையில் வைத்துக்கொண்டு திருதிருவென்று விழித்தபோது, அவர் எட்டிப் பார்த்துக் கைதட்டினார். அவர் கண்ட கணக்கே வேறு. "வலது பக்கம் அப்படியே இருக்கு, இடது பக்கம் தேஞ்சிருக்கு. அப்படின்னா என்ன அர்த்தம்? நல்ல காலைவிட இந்தக் கால் அதிகமா உழைச்சிருக்கு! ஷாக்கையே தேய்ச்சுட்டேன் பாத்தியா?" என்றார். ஷாக் ஏன் தேய்கிறது என்று ஊருக்கெல்லாம் விளக்கம் சொல்லுகிறவள், அன்றைக்குத் தரையில் சொட்டிய எண்ணெயைத் துடைக்கக் குனிந்துகொண்டாள். தேய்ந்த ஷாக்கைத் துடைத்து அலமாரியில் எல்லார் கண்ணிலும் படும்படி அவர் வைத்தார். வந்தவர் போனவர் எல்லாருக்கும் எடுத்துக் காட்டினார். அவள் புது ஷாக் ஒன்றைப் பொருத்தினாள், அதிலும் மெல்லிசான எண்ணெயைத்தான் ஊற்றினாள். முதல் பொய்யைக் காப்பாற்ற இரண்டாவது பொய் வேண்டியிருந்தது, வேறென்ன.

ஓட்டிக் காட்டுகிற நாளைக் கண்டக்டர் வந்து சொன்னான். அவர் சீருடையை எடுத்துத் தானே இஸ்திரி போட்டார். மைதானத்தில் அந்தக் கால் கைவிட்டால் அவருக்கு அவமானம். தப்பித் தவறிப் பரீட்சையில் தேறிவிட்டாலோ, அந்தக் காலை நம்பி ஒரு பஸ் ஜனம் ஏறி உட்காரும். இரண்டில் எது மோசம் என்று அவளுக்கே தெரியவில்லை. கண்டக்டரைத் தனியாக வாசலுக்கு அழைத்துப் போய், இன்னும் கொஞ்ச நாள் தள்ளிப்போடச் சொல் என்று கெஞ்சினாள். அவன் சிரித்தான். அண்ணனைவிட அண்ணிக்குத்தான் பயம் என்று உள்ளே போய்ச் சொல்லியும் வைத்தான். அவரிடமே சொல்லிவிட இரண்டு தடவை வாயெடுத்தாள். இஸ்திரி போட்ட மடிப்பை அவர் விரலால் நீவிக்கொண்டிருந்தார். எப்படிச் சொல்வது?

கடைசியில் ஒரு வழி கண்டுபிடித்தாள். அந்த நாள் விடிந்ததும் அவர் குளிக்கப் போனபோது, புது ஷாக்கைக் கழற்றி, மெஷினோடு வந்தது மாதிரி கெட்டி எண்ணெயை ஊற்றிப் பொருத்தினாள். தினமும் காலையில் மிதிக்கிறவர், இன்றைக்கும் மிதிப்பார். மிதி இறங்காது. டிப்போவுக்குப் போகாமல் வீட்டோடு உண்மை தெரிந்துவிடும். தன் வாயால் சொல்லவேண்டியதை மெஷின் சொல்லிவிடும். கோழைத்தனம்தான். இருந்தாலும் அவ்வளவாவது அவளால் முடிந்ததே.

அவர் குளித்துவிட்டு வந்து சீருடையை மாட்டினார். மெஷினைப் பார்த்தார், உட்காரவில்லை. ஒரு தடவை மிதித்துவிட்டுப் போங்களேன் என்றாள் அவள்.

"இன்னைக்கு வேணாம். பரீட்சைக்குப் போற காலுக்கு ஓய்வு குடுக்கணும்" என்றார் அவர். அலமாரியிலிருந்து தேய்ந்த ஷாக்கை எடுத்து ஒரு துணிப்பையில் போட்டுக்கொண்டார்.

அவளும் கூடவே போனாள். டிப்போவில் பஸ் கழுவுகிற இடத்தருகே ஈரத்தில் நின்றுகொண்டாள். அவர் நேராக மேனேஜர் அறைக்குப் போய், பையிலிருந்து ஷாக்கை எடுத்து மேசைமேல் வைத்தார். கதவு திறந்துதான் இருந்தது. அவர் பேசுவது வெளியே கேட்டது. "இது என் இடதுகால் தேய்ச்சது சார். பட்டறைக்காரி கட்டிக் குடுத்த மெஷின். எம் பொண்டாட்டி கட்டின மெஷின் பொய் சொல்லாது." மேனேஜர் அதை எடுத்து உருட்டிப் பார்த்தார். கையில் எண்ணெய் ஒட்டியது. ஒரு காகிதத்தை அடியில் போட்டு மரியாதையாக ஓரமாய் வைத்தார்.

பழைய கூட்டாளிகள் எல்லாம் மைதானத்து ஓரத்தில் கூடிவிட்டார்கள். மெத்தை ஏறுகிறான் என்று ஒருவன் குரல் கொடுத்தான். அவர் கம்பியைப் பிடித்து, வலதுகாலை ஊன்றி, இடதுகாலை உள்ளே இழுத்துக்கொண்டார். வண்டி உறுமியது. கியர் பற்களைக் கடிக்கிற சத்தம் கேட்டது. வண்டி ஒரு துள்ளு துள்ளி நின்றது. கூட்டாளிகள் சிரித்தார்கள், விளையாடுகிறார் என்று நினைத்துவிட்டார்கள். மறுபடி கியர் கடித்தது, வண்டி முன்னால் எகிறி விழுந்து அணைந்தது. மூன்றாவது தடவை யாரும் சிரிக்கவில்லை. ஒருவன் செருப்பைப் பார்த்துக்கொண்டு நின்றான். தூங்குகிற பிள்ளையை எழுப்பாத மனிதர், ஆளில்லாத வண்டியைத் தவளை மாதிரி தத்தவிட்டுக்கொண்டிருந்தார்.

அவர் ஜன்னலில் தலையை நீட்டி, கிளட்ச் இறுக்கமாக இருக்கிறது, வேறு வண்டி கொடுங்கள் என்றார். கொடுத்தார்கள். அதிலும் அதே கதை. இறங்கி வந்து, இரண்டு வண்டியிலும் கிளட்ச் சரியில்லை, பழுது பார்க்கிற ஷெட்டில் விட்டுப் பாருங்கள் என்றார். மேனேஜருக்குப் புரியாமலா இருக்கும்? ஆனால் இத்தனை வருஷம் அந்த வண்டிகளை ஓட்டிய ஆளின் முகத்துக்கு நேரே அவருக்குச் சொல்ல மனம் வரவில்லை. இரண்டு வண்டிகளையும் ஷெட்டுக்கு விடச் சொன்னார். அவிழ்த்துப் பார்த்துவிட்டுச் சொல்லி அனுப்புகிறோம், அப்புறம் வாருங்கள் என்றார்.

வீட்டுக்கு வருகிற வழியெல்லாம் அவர் பேசிக்கொண்டே வந்தார். கிளட்ச் பிளேட்டைக் கண்டவன் கையில் கொடுத்துக் கெடுத்துவிட்டார்கள், நான் இருந்தவரை அந்த வண்டி எப்படி இருந்தது, சரி செய்யட்டும், அப்புறம் காட்டுகிறேன் என்று. கண்டக்டர் ம் ம் என்று கேட்டுக்கொண்டு வந்து, அவர்களை வாசலில் விட்டுவிட்டு அவசரமாகப் போய்விட்டான்.

உள்ளே வந்தவர் செருப்பைக்கூடக் கழற்றவில்லை. சீருடையோடு நேராக நாற்காலியில் போய் உட்கார்ந்தார். தன் கால் நன்றாக இருக்கிறதென்று தனக்கே ஒரு தடவை காட்டிக்கொள்ளவேண்டியிருந்தது அவருக்கு. காலைத் தூக்கி மிதிமேல் வைத்தார். மிதி இறங்கவில்லை. அமுக்கினார், இறங்கவில்லை. நாற்காலிக் கையைப் பிடித்துக்கொண்டு அமுக்கினார். குனிந்து ஷாக்கைப் பார்த்தார், நிமிர்ந்து அவளைப் பார்த்தார்.

"இதுவும் கெட்டுப்போச்சா?"

இனிமேல் ஒளிவதற்கு இடமில்லை.

"கெட்டுப்போகலங்க. இன்னைக்குத்தான் சரியா இருக்கு" என்றாள்.

பிறகு எல்லாவற்றையும் சொன்னாள். தரையில் உட்கார்ந்து, மெஷினைப் பார்த்துக்கொண்டு சொன்னாள். அவர் அழுத அன்றைக்கு மறுநாள் செய்தது, கெட்டியாக்கிப் பார்த்துப் பயந்துபோனது, பிசியோ பெண்ணின் போனை எடுத்துப் பேசியது, அன்று காலை எண்ணெயை மாற்றிவிட்டுக் காத்திருந்தது, ஒன்று விடவில்லை. அவர் மிதிமேல் கிடந்த காலையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"அப்ப அந்த ஷாக் தேஞ்சது?"

"எண்ணெயாலங்க. மெல்லிசா ஊத்தினா தேயும்."

"என் காலால இல்ல."

"இல்லங்க."

அவர் தலையை ஆட்டிக்கொண்டார். பயணி ஒருவர் இறங்கவேண்டிய இடத்தைச் சொன்னால் எப்படித் தலையாட்டுவாரோ, அப்படி. பிறகு கேட்டார்: "அந்தப் பொண்ணு சொன்ன ஆறு மாசம் முடிஞ்சுதா?"

"முடிஞ்சுது" என்றாள் அவள்.

அவர் சட்டைப் பையிலிருந்து போனை எடுத்தார். பிசியோவைக் கூப்பிடப் போகிறார் என்று நினைத்தாள். கண்டக்டரைத்தான் கூப்பிட்டார். குரல் எப்போதும் போல இருந்தது.

"தம்பி, ஷெட்டுக்கு உடனே போய்ச் சொல்லிடு. அந்த ரெண்டு வண்டியையும் அவுக்க வேணாம். கிளட்சு நல்லாத்தான் இருக்கு. நான்தான் வண்டிமேல பழி போட்டுட்டேன்." அந்தப் பக்கம் அவன் ஏதோ சொன்னான். "இல்லடா, வண்டியில ஒண்ணுமில்ல. கால்தான் இல்ல. மேனேஜர் மேசையில அந்த ஷாக் கிடக்கும், அதை எடுத்துக் குப்பையில போட்டுடு."

போனை வைத்துவிட்டுச் சீருடையின் பொத்தான்களைக் கழற்ற ஆரம்பித்தார். இடதுகை விரல்களில் பொத்தான் நழுவிக்கொண்டே இருந்தது. அவள் எழுந்து போய், எதிரே முட்டிபோட்டு, ஒவ்வொன்றாகக் கழற்றினாள். அவர் வேண்டாம் என்று சொல்லவில்லை. கையைத் தட்டிவிடவும் இல்லை. ஒரு வார்த்தை திட்டியிருந்தால் அவள் அழுதிருப்பாள்.